மாமா மலையேறிய கதை

தமிழ்நாட்டில் டீ குடிக்கிற நூறு பேரைப் பிடித்து நிறுத்தி, "தேயிலை எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தொண்ணூறு பேர், "கறுப்பா, ரவை மாதிரி தூளா இருக்கும்" என்பார்கள். மீதிப் பத்துப் பேர், "காலங்காத்தால என்னய்யா கேள்வி இது?" என்று அடிக்க வருவார்கள். இலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேரிலேயே இலை இருக்கிறது. ஆனால் நம் கண்ணில் பட்டது தூள்தானே!

காரணம் மூன்றெழுத்து. சி.டி.சி. நசுக்கு, கிழி, சுருட்டு என்று அதற்கு அர்த்தம். (ஏதோ சண்டைப் படத்தில் வில்லன் அடியாட்களுக்குக் கொடுக்கிற உத்தரவு மாதிரி இருக்கிறதல்லவா?) 1930களில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் உருவாக்கிய மெஷின். பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவில் இலையை விட்டால், அந்தப் பக்கம் குருணையாக வந்து விழும். சீக்கிரம் சாறு இறங்கும், கலர் கொட்டும், ஒரு கிலோவுக்கு நிறைய கிளாஸ் தேறும். இன்றைக்கு இந்தியா வருஷத்துக்குச் சுமார் 130 கோடி கிலோ தேயிலை தயாரிக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி நசுக்கிக் கிழித்த சமாசாரம்தான். அதிலும் கடைசிச் சல்லடையில் விழுகிற பொடிக்கு 'டஸ்ட்' என்று பெயர். தமிழ்நாட்டு டீக்கடைகள் ஓடுவது அந்த டஸ்ட்டில்தான்.

என் தாய்மாமாவும் அந்த டஸ்ட்டில் ஓடியவர்தான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. முப்பத்தெட்டு வருஷம்.

எங்கள் ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலை. காலையில் பல் தேய்க்கும்போது மலை, ராத்திரி கதவைச் சாத்தும்போது மலை. ஊர்க்காரர்களுக்கு அது ஒரு சுவர் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டம், தேயிலை. விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் வந்து நின்று பெண்களை ஏலத்தோட்ட வேலைக்கு அள்ளிக்கொண்டு போகும். அந்த ஜீப்புகளுக்காகத்தான் மாமா நாலு மணிக்குக் கடை திறப்பார். பாய்லர் முனகுகிற சத்தம் கேட்டால் ஊரில் பாதிப் பேர் எழுந்துகொள்வார்கள். மீதிப் பேர், எழுந்தவர்கள் பேசுகிற சத்தத்தில் எழுந்துகொள்வார்கள்.

ஏலக்காய் விளைகிற மலைக்குக் கீழே இருக்கிற டீக்கடை என்பதால் ஏலக்காய் டீ கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அல்வாக்கடைக்காரர் வீட்டில் அல்வா சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மாமா போடுவது ஏலத்தோல். அதுவும் 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது என்று பேப்பரில் பார்த்ததும், தோலையும் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார். 

இப்படிப்பட்ட மாமாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சோதனை வந்தது. சர்க்கரை! ரேஷன் சர்க்கரை இல்லை, ரத்தத்தில்.

போடி டாக்டர் விசாரித்திருக்கிறார். "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"

"நான் டீயே குடிக்க மாட்டேன் சார். ருசி மட்டும்தான் பாப்பேன்" என்றாராம் மாமா.

கூடப் போயிருந்த அத்தை சும்மா இருப்பாரா? "ஒவ்வொரு ஆத்துக்கும் அரை கிளாஸ் ருசி பாப்பாரு டாக்டர்!" என்று போட்டு உடைத்துவிட்டார். நாளைக்குப் பதினைந்து அரை கிளாஸ், அரை கிளாஸுக்கு அஞ்சு கிராம் சர்க்கரை என்று வைத்தாலும் 75 கிராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம். சர்க்கரை போட்ட டீ இனிமேல் தொடக்கூடாது என்று உத்தரவு.

மாமா ஒரு மாதிரி ஆள். சர்க்கரை இல்லாத டீ அவர் அகராதியில் டீயே கிடையாது. "அரைகுறையா எதுக்கு?" என்று டீயையே விட்டுவிட்டார். விட்டது பெரிசில்லை, அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிசு. ருசி பார்க்காமல் டீ போட ஆரம்பித்தார். பாடகருக்குக் காது கேட்காமல் போன மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் டிகாக்ஷன் கசக்கும், மறுநாள் பால் தூக்கலாகி வெள்ளையாக நிற்கும். முதலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வாயால் குறை சொல்ல மாட்டார்கள். காலால் சொல்வார்கள். எதிர்க்கடைக்கு நடந்துவிடுவார்கள். இருபது வருஷமாகக் காலை ஆறு மணிக்கு மாமா கடை பெஞ்சில் பேப்பர் படித்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருநாள், "இன்னைக்கு வயிறு சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் எதிர்க்கடையில் டீயோடு ரெண்டு வடையும் சாப்பிட்டார். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ராத்திரி அத்தை எனக்குப் போன் செய்தார். "தம்பி, உங்க மாமா கடையக் குடுத்துரலாம்னு சொல்றாரு. அந்த மனுசன் கடை இல்லாம வீட்டுல உக்காந்தா நான் எங்கப்பா போவேன்?"

எனக்குச் சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை. ஸீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை முறைக்கிற வேலை. அந்த வாரம்தான் கூட வேலை பார்க்கிற நண்பர் பிரமோஷன் ட்ரீட் என்று ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். டீக்கடைதான். ஆனால் உள்ளே போனதும் நான் செருப்பைக் கழற்றப் பார்த்தேன். அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. பாய்லர் இல்லை, பாட்டு இல்லை, பஜ்ஜி இல்லை. சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். மெனு கார்டில் நாற்பது வகை. பச்சை டீ, வெள்ளை டீ, ஊலாங் டீ... எல்லாமே ஒரே செடிதான், இலையைப் பறித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் என்று ஏப்ரன் கட்டின பையன் விளக்கினான். வதங்கவிட்டு, உருட்டி, காற்றுப்படப் புளிக்கவிட்டால் கறுப்பு டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். புளிக்கவே விடாமல் சூடு காட்டினால் பச்சை. கொழுந்து மொட்டைக் கசக்காமல் அப்படியே உலர்த்தினால் வெள்ளை.

கார்டை மேயும்போது ஒரு இடத்தில் கண் நின்றது. 'கொழுக்குமலை'. ஒரு பாட் 280 ரூபாய்!

எங்கள் மாவட்டத்து மலை. போடி தாலுகா. அது ஏ.சி. அறையில் 280 ரூபாய் டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறது. ஊர்ப்பாசத்தில் அதையே சொன்னேன். கண்ணாடிக் கெட்டிலில் முழு இலை மிதக்க வந்தது. கூடவே ஒரு குட்டி மணல் கடிகாரம். "சார், மணல் இறங்குற வரைக்கும் தொடாதீங்க. மூணு நிமிஷம்" என்றான் பையன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாயில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது வாயில் நாக்கு ஓரத்தில் லேசாகத் துவர்த்தது. விழுங்கி முடித்த பிறகு தொண்டையிலிருந்து ஒரு வாசனை திரும்பி வந்தது பாருங்கள், மழை விட்டதும் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி! இனிப்பே போடாத தண்ணீரில் ஒரு இனிப்பு. நான் உடனே மாமாவைத்தான் நினைத்தேன். 100 கிராம் பாக்கெட் 300 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

போடிக்கு ரயில் ஏறினேன். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்திவிட்டு, அகலப்பாதை போட்டு 2023 ஜூனில்தான் மறுபடி ரயில் விட்டார்கள். நடுவில் ஒரு தலைமுறை ஸ்கூல் முடித்துவிட்டது.

மாமா பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தார். "இலையா இருக்கு?" என்றார், ஏதோ கலப்படத்தைக் கண்டுபிடித்த மாதிரி. நான் மூணு நிமிஷக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், இலையை வடிதுணியில் கொட்டி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு, நாலு ஆத்து ஆத்தி, ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"கசாயம். இதுக்கு முன்னூறு ரூவாயா? மாப்ள, மெட்ராஸ்ல உன்னய நல்லா ஏமாத்தியிருக்காய்ங்கடா!"

அத்தை எட்டிப் பார்த்து, "சளிக்கு நல்லதா இருக்குமோ?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாமா, முப்பத்தெட்டு வருசமா டீ ஆத்துறீங்க. தேயிலைச் செடியப் பக்கத்துல பாத்திருக்கீங்களா?"

மாமா பதில் சொல்லவில்லை. மலைப்பக்கம் பார்த்தார். கடையை ஒருநாள்கூடச் சாத்தாதவர் எப்போது மலைக்குப் போவார்? கல்யாணத்துக்குத் தாலி கட்டிய கையோடு வந்து பாய்லர் பற்ற வைத்தவர் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

விஷயம் என்னவென்றால், தேயிலை ஒரு காலத்தில் எங்கள் மூக்குக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. மூணாறுத் தேயிலை இறங்கின வழியே இந்தப் பக்கம்தான். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே. அதனால் கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். அங்கிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, அப்புறம் கப்பல், சீமை. மேலே தேயிலை சுமந்த குண்டலா பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே போடிக்கு ரயில் வந்தது 1928ல். இலை முழுக்க இந்த வழியாக வெள்ளைக்காரன் கோப்பைக்குப் போனது. நாம் வண்டி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாளே கிளம்புவது என்று முடிவானது. அத்தைக்கு மட்டும் சம்மதமில்லை. குரங்கணிப் பக்கமா என்று கேட்டார். 2018 மார்ச் 11ம் தேதி கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். எல்லாம் சின்ன வயசு. ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வந்த பையன்களும் பெண்களும். என் வயசுக்காரர்கள். அதிலிருந்து மலை என்றாலே அத்தைக்கு வயிற்றைக் கலக்கும். நடக்கப் போவதில்லை, ஜீப்பில்தான் என்று சத்தியம் செய்த பிறகு விபூதி பூசி அனுப்பினார். 

ஜீப் வழி ஒரு வேடிக்கை. கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால், போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, பூப்பாறை, சூரியநெல்லி என்று சுற்றி, அங்கிருந்து தனி ஜீப் பிடித்துத் திரும்பத் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். சொந்த வீட்டுக் கொல்லைக்குப் பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போவது மாதிரி. சூரியநெல்லியிலிருந்து மேலே இருப்பது ரோடு இல்லை. பாறைகள் தற்காலிகமாக ஒதுங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். மாமா முன் ஸீட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாப்ள, பாலு வாங்கி வச்சா மேல போறதுக்குள்ள மோராயிருமில்ல?" என்றார். அப்படிப்பட்ட நேரத்திலும் அவருக்குப் பால் ஞாபகம்!

மேலே கிட்டத்தட்ட 8,000 அடி. உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. கீழே மேகம், மேலே வெயில். ஜீப்பை விட்டு இறங்கியதும் மாமா முதலில் பார்த்தது காட்சியை இல்லை. நேரே ஒரு செடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இடுப்பளவுதான் இருந்தது. ஒரு கொழுந்தைத் தொட்டார், பறிக்கவில்லை.

"மணக்கலையே?" என்றார்.

ஃபேக்டரிக்குள் போனதும் மணந்தது. 1930களில் வெள்ளைக்காரர் காலத்தில் எழுந்த கட்டடம். மரத்தளம், பழைய இரும்பு மெஷின்கள். இங்கே நசுக்கல், கிழித்தல் கிடையாது. பழைய முறை, ஆர்த்தடாக்ஸ் என்கிறார்கள். பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். ஒரு ராத்திரி கழிந்தால் இலை வெற்றிலை மாதிரி துவண்டுவிடும். அதை வட்ட மேஜையில் போட்டு உருட்டுகிறார்கள். அரைப்பது இல்லை, உள்ளங்கையில் வைத்துத் திரிப்பது போல. இலை முறுக்கிக்கொண்டு சாறு வெளியே வருகிறது. காற்றுப்பட்டதும் பச்சை மெதுவாகச் செம்பு நிறமாகிறது. அப்போதுதான் அந்த வாசனை. நறுக்கி வைத்த ஆப்பிள் மாதிரி. அப்புறம் சூட்டில் உலர்த்தி, சல்லடையில் பிரிக்கிறார்கள். நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தேயிலை.

சுற்றிக் காட்டியவரை மாமா விடவில்லை. எவ்வளவு நேரம் வாட்டுவீங்க, மழை நாளில் எப்படி, சூடு எவ்வளவு... கூட வந்த டூரிஸ்ட்கள் செல்பி எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். குளிரில் செடி மெதுவாக வளருவதால்தான் ருசி ஏறுகிறது என்று அவர் சொன்னதும், மாமா, "கொடிக்கா மாதிரி. அவசரமாக் காய்ச்சா தண்ணியாப் போகும்" என்றார். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

கடைசியில் கடை. கவுன்ட்டரில் வரிசையாகப் பீங்கான் கோப்பைகள். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். செம்மஞ்சள் நிறத்தில், அடி தெரிகிற டீ. மாமா கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மோந்தார். அப்புறம் 'ஸ்ர்ர்ர்ர்' என்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினார் பாருங்கள், பக்கத்தில் நின்ற பெங்களூர்ப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டது! எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஆனால் கவுன்ட்டர்க்காரர் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கேட்டார். "ஐயா டேஸ்டரா? குன்னூர் ஏலத்துல இருக்கீங்களா?"

பிறகுதான் தெரிந்தது. தேயிலை ருசி பார்ப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் அப்படித்தான் சத்தமாக உறிஞ்சுவார்களாம். காற்றோடு சேர்ந்து நாக்கு முழுக்கப் பரவினால்தான் குணம் தெரியும். விழுங்காமல் துப்பிவிடுவார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ருசி பார்க்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

"இல்ல தம்பி. டீக்கடை" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

இரண்டாவது வாய். மூன்றாவது வாய். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அந்த இரண்டு மாதத்தில் அவர் குடித்த முதல் டீ அதுதான். (கசாயத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

"மாப்ள, இது சர்க்கரை கேக்கல" என்றார். சற்றுக் கழித்து, "இத்தன வருசமா டீக்கு வேட்டி சட்ட போட்டுப் பாத்திருக்கேன். இப்பத்தான் ஆளப் பாக்குறேன்."

பால் ஊற்றுவதும் ஒரு காரணத்தோடுதான் என்று அவரே விளக்கினார். நசுக்கின தூளில் துவர்ப்பு அதிகம் இறங்கும், பால் அதைப் பிடித்து அமுக்கிவிடும், அமுங்கியதைச் சர்க்கரை தூக்கி நிறுத்தும். "அதுவும் ஒரு கணக்குதான். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இத நம்ம ஊர்ல வித்தா, வெந்நித்தண்ணி குடுக்கிறான்னு என்னய அடிப்பாய்ங்க."

வெளியே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டது அந்த அம்மா. ராசிங்காபுரத்தில் டீக்கடை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கெட்டிப் பால்ல, சக்கரை தூக்கலா ஒரு டீ குடிச்சு எவ்வளவு நாளாச்சுண்ணே!" என்றது. மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இறங்கும்போது மாமா ஜீப்பில் கணக்குப் போட்டார். கோப்பைக்கு ரெண்டு கிராம் இலை போதும். 100 கிராமில் ஐம்பது கோப்பை. முன்னூறு ரூபாய் என்றாலும் கோப்பைக்கு ஆறு ரூபாய்தான். அதே இலையில் இரண்டாம் தண்ணியும் விடலாம். "நம்ம கடை டீ பன்னெண்டு ரூவா. அப்ப அந்த மெட்ராஸ்காரன் எரநூத்தி எம்பது ரூவாய எதுக்குடா வாங்குறான்?"

"மணல் கடிகாரத்துக்கு மாமா" என்றேன்.

கடையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பாலும் சர்க்கரையும் சேருவதற்கு முன்னால், வெறும் டிகாக்ஷனை ஒரு ஸ்பூனில் எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, ஓரமாகத் துப்பிவிடுகிறார். டிகாக்ஷன் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் கை கணக்கு, அது முப்பத்தெட்டு வருஷத்தில் படிந்தது. முதல் ஒரு வாரம் அவர் துப்புவதைப் பார்த்து ஜீப் டிரைவர்கள், "என்னண்ணே, நீங்களே துப்புறீங்க?" என்று மிரண்டார்களாம். பத்து நாளில் வாத்தியாருக்கு வயிறு சரியாகிவிட்டது. பேப்பரோடு பழைய பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

போன வாரம் ஆபீஸில் மீட்டிங். நடுவில் மாமாவிடமிருந்து போன். பதறி வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"மாப்ள, அந்த இலை தீந்துபோச்சு. மறுபடி அந்த ஜீப்புல ஏற என் இடுப்பு தாங்காது. நீ வர்றப்ப அங்கருந்தே ஒரு நூறு கிராம் வாங்கிட்டு வந்துரு."

"சரி மாமா. இதுக்கா இப்ப போன் பண்ணீங்க?"

"இரு, வச்சுராத" என்று குரலைத் தணித்தார். "உங்க அத்தை வெல கேட்டா முப்பது ரூவான்னு சொல்லு. நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."